நீலம் அடிக்காத படம்

மடு மாதா துணை

கெல்சென்கிர்ச்சன்
06.02.2005

அன்புள்ள தம்பி றொனால்டுக்கு,

அக்கா பேர்பெச்சுவா எழுதுவது. இங்கே அத்தான், லிசா, நான் மூவரும் சுகம். எனக்கு முழங்கால் நோ மட்டும் குளிருக்குக் கூடியிருக்கிறது. முதியோர் இல்லத்துப் படிகளைத் தினமும் துடைக்கிறவளுக்கு அது வராமல் வேறு யாருக்கு வரும்? உன் இருமல் எப்படி? அச்சுக்கூடத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய் என்று எத்தனை தரம் சொல்லிவிட்டேன்.

ஹம்பேர்க்குக்குத் தொலைபேசி எடுக்கலாம்தான். எடுத்தால் நீ "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று நாலு தரம் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் உட்கார்ந்து யோசித்துப் பதில் எழுத வேண்டும். அதனால்தான் இந்த ஏற்பாடு.

நீ கேட்ட படத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். உன் அண்ணன் செபமாலையின் படம் என்று எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான். எண்பத்தைந்தில் மன்னார் ஸ்ரூடியோவில் எடுத்தது. கௌபாய் படம் பார்த்துவிட்டு உன் அண்ணன் காலை அகட்டி நடந்து வீட்டுக்கு வந்ததும், அப்பா "என்னடா, காலிடுக்கில புண்ணோ?" என்று கேட்டதும் உனக்கு ஞாபகம் இருக்கும். தொப்பியும் மரத் துப்பாக்கியும் ஸ்ரூடியோக்காரருடையவை. இடுப்புக்குக் கீழே சாரம் கட்டியிருந்தபடியால் படக்காரர் அரையோடு நிறுத்திவிட்டார். கவனம் தம்பி. செஞ்சிலுவைச் சங்கத்துக்குக்கூட நான் இதைக் கொடுக்கவில்லை, பிரதி எடுத்துத்தான் கொடுத்தேன். வேலை முடிந்ததும் பதிவுத் தபாலில் அனுப்பு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேசாலையிலிருந்து செபமாலையின் மனைவி றோசம்மா எழுதியிருக்கிறாள். அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற இராயப்பு மாஸ்டர், மனைவி இறந்து மூன்று வருடமானவர், இவளைக் கட்டக் கேட்டிருக்கிறாராம். என்னிடம் சம்மதம் கேட்கிறாள். வாசித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் ஒருத்தி எப்படி இன்னொருவனுக்குக் கழுத்தை நீட்டுவாள்? உன்னோடு இந்தியாவுக்குப் படகேறியவன், "றோசம்மாவை விட்டிட்டு வர ஏலாது" என்று கடைசி நேரத்தில் இறங்கிப் போனான் என்று நீதானே சொன்னாய்? அவளுக்காக இறங்கியவன்! பதினைந்து வருடமாக எந்த முகாமில், எந்தச் சிறையில் கிடக்கிறானோ. பொறுத்திரு என்று எழுதிவிட்டேன். நீயும் எழுது. அவனைக் கடைசியாகக் கண்டவன் நீ. உன் சொல்லுக்குத்தான் அவள் அடங்குவாள்.

லிசா மாமாவைக் கேட்டதாகச் சொல்லச் சொல்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு.

செபத்தில் உன்னை மறவாத
அக்கா

●

ஹம்பேர்க்
27.02.2005

அன்புள்ள அக்கா,

நீங்கள் எல்லோரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். நானும் சுகம். இருமல் போய்விட்டது. ஜன்னலும் திறந்துதான் இருக்கிறது, அதனால் இப்போது சளி.

படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. அத்தானுக்கு என் வேலை என்னவென்று விளங்கவில்லை என்று லிசா போனில் சிரித்தாள். அவருக்கு இப்படிச் சொல்லுங்கள். பழைய அமெரிக்கப் படங்களில் வருமே, பெரிய தொப்பி, குதிரை, ஆளில்லாத தெருவில் ஒரு பெட்ரோல் கடை, முடிவில்லாத மணல். அமெரிக்கக்காரர் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்ட கதை அது. இங்கே ஜேர்மன்காரரும் சின்ன வயதில் அந்தக் கதைக்குள்தான் விளையாடியிருக்கிறார்கள். அதையெல்லாம் நான் திரையச்சில் புதிதாகச் செய்கிறேன்.

ஒரு நிறத்துக்கு ஒரு திரை. மரச் சட்டத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி, அந்த நிறம் விழ வேண்டிய இடத்தை மட்டும் திறந்து விடுவோம். மேலே மையை இழுத்தால் கீழே தாளில் இறங்கும். அது காய்ந்த பிறகு அடுத்த நிறம். அண்ணனின் படத்துக்கு ஏழு நிறம் வைத்திருக்கிறேன். மணலுக்கு மட்டும் மூன்று. முப்பது பிரதி அடித்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் இலக்கமும் கையெழுத்தும் வைத்துவிட்டுத் திரைகளைக் கழுவிவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு பிரதிகூட அடிக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் ஒழுங்கு.

டுசல்டோர்ஃபில் ஒரு கலைக்கூடம் இலையுதிர் காலத்தில் இந்தப் படங்களை வைக்கலாம் என்று கேட்கிறது. இன்னும் முடிவாகவில்லை.

நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் நல்ல மாசிக்கருவாடு வந்திருக்கிறது. உங்களுக்கு அனுப்புகிறேன்.

அன்புத் தம்பி
றொனால்ட்

●

கெல்சென்கிர்ச்சன்
20.03.2005, குருத்து ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். மாசிக்கருவாடு வந்தது. வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறுகிறாள், அது வேறு கதை.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். மணலுக்கு எத்தனை நிறம் என்று எழுதியிருக்கிறாய். றோசம்மாவைப் பற்றி ஒரு எழுத்து இல்லையே! மறந்தாயா, இல்லை எனக்குப் பயந்தாயா? அவள் மறுபடி எழுதியிருக்கிறாள். "மச்சாள், எனக்கு முப்பத்தொன்பது வயது. அம்மாவும் போய்விட்டா. வீட்டில் பேச ஆளில்லை" என்கிறாள். பாவமாகத்தான் இருக்கிறது. பாவம் என்பதற்காக இருக்கிற புருஷனை இல்லை என்று எழுதிக் கொடுக்க முடியுமா?

பேசாலை ஃபாதர் சொல்லிவிட்டாராம், மரணப் பத்திரம் வேண்டும், இல்லையென்றால் அவனைக் கடைசியாகக் கண்டவர் என்ன கண்டார் என்று கையெழுத்திட்டு எழுதித் தர வேண்டும், அதை ஆயர் இல்லத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று. அவள் உனக்கே எழுதப் போகிறாள். நல்லது. நீ கண்டதை அப்படியே எழுது. உயிரோடு இறங்கிப் போனான் என்று உன் கையால் எழுதினால் இந்தப் பேச்சு அதோடு முடியும்.

பெரிய வெள்ளிக்கு ஒருசந்தி உபவாசம் இருக்கிறாயா? இருக்க மாட்டாய், தெரியும்.

அக்கா

●

சேசு மரி சூசை துணை

பேசாலை
17.04.2005

அன்பும் மதிப்பும் நிறைந்த தம்பி றொனால்டுக்கு,

அண்ணி றோசம்மா எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அந்தக் குளிர் நாட்டில் சுகமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். மார்கழியில் சுனாமி வந்து எத்தனையோ ஊரை எடுத்தாலும் எங்கள் கரைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊர் இப்போதைக்கு அமைதி.

உங்களுக்கு நான் எழுதுவது குறைவு. எழுதினால் அவரைப் பற்றித்தான் கேட்க வேண்டி வரும், உங்களுக்கும் அது கஷ்டம் என்று இருந்துவிட்டேன். இப்போது கேட்காமல் இருக்க முடியவில்லை. மாஸ்டரைப் பற்றி மச்சாள் சொல்லியிருப்பா. நல்ல மனிதர். அவசரப்படுத்தவில்லை. ஆவணி வரைக்கும் பொறுத்திருப்பேன் என்று சொல்லியிருக்கிறார்.

தம்பி, அன்று விடியக் கரையில் உங்களை வழியனுப்பிவிட்டு நான் வீட்டுக்குப் போனேன். அவர் எனக்காக இறங்கினார் என்று பிறகு நீங்கள் மண்டபம் முகாமிலிருந்து எழுதிய கடிதத்தில்தான் அறிந்தேன். வழியனுப்பும்போது நான் அழுதேன். அழாமல் இருந்திருந்தால் அவர் இறங்கியிருக்க மாட்டார், யாரும் பிடித்திருக்க மாட்டார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தக் குற்றத்துக்காகவே இவ்வளவு காலம் இருந்தேன்.

அவர் இருக்கிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்களா? உங்கள் மனதில் இருப்பதை எழுதுங்கள். இருக்கிறார் என்றால் இருக்கிறேன், வேறு யோசனை இல்லை. இல்லை என்று நினைத்தால், நீங்கள் கண்டதை ஃபாதருக்கு ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். எதை எழுதினாலும் உங்கள் சொல்படி நடப்பேன்.

பதிலை எதிர்பார்க்கும்
அண்ணி றோசம்மா

●

ஹம்பேர்க்
19.06.2005

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். உங்கள் நலத்துக்கு வேண்டுகிறேன். கடிதம் கிடைத்து இரண்டு மாதமாகிறது. வேலை கூட, மன்னியுங்கள்.

நீங்கள் அழுததற்கும் நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அண்ணன் இறந்ததை நான் காணவில்லை. காணாததை ஃபாதருக்கு எப்படி எழுதுவது? இருக்கிறார் என்றுதான் நினைக்க வேண்டும். அக்காவும் அப்படித்தான் சொல்கிறா. நீங்கள் அக்காவின் சொல்லைக் கேட்பது நல்லது.

தம்பி
றொனால்ட்

●

ஹம்பேர்க்
03.07.2005

அன்புள்ள அக்கா,

அத்தானுக்கும் லிசாவுக்கும் என் அன்பு. லிசாவின் அவுஸ்பில்டுங், அந்தத் தொழிற்பயிற்சி விண்ணப்பம் என்ன மாதிரி? பல் வைத்தியரிடம் இடம் கிடைத்தால் முதல் பல்லை நான் கொண்டு வருவேன் என்று சொல்லுங்கள்.

றோசம்மா அண்ணிக்கு எழுதிவிட்டேன். நீங்கள் சொன்னபடிதான்.

அண்ணனின் ஸ்ரூடியோப் படத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதோடு ஒரு நீளக் குழாய்க்குள் என் படம் ஒன்றும் இருக்கிறது. அண்ணன் கௌபாய் உடுப்பில் மணலில் படுத்திருக்கிறார். அது உங்களுக்கென்று எடுத்து வைத்தது. இலக்கம் போடவில்லை, "அக்காவுக்கு" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

டுசல்டோர்ஃபில் ஒக்டோபர் ஏழாம் திகதி திறக்கிறார்கள். நீங்கள் மினக்கெட்டு வர வேண்டாம் அக்கா. வைன் கிளாஸைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக நின்று கதைப்பார்கள். உங்கள் முழங்காலுக்கு அது ஏலாது. நான் பிறகு ஒரு நாள் வீட்டுக்கு வருகிறேன்.

றொனால்ட்

●

மடு மாதா துணை

கெல்சென்கிர்ச்சன்
16.08.2005

என் அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். லிசாவுக்குப் பல் வைத்தியரிடம் இடம் கிடைத்துவிட்டது. வாயைத் திறந்தாலே என் பல்லைப் பார்க்கிறாள்.

உன் படத்தைக் குழாயிலிருந்து எடுத்து விரித்தபோது நான் அழுதுவிட்டேன், சொல்ல வெட்கம் என்ன? தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் மாதிரி அப்படியே கிடக்கிறான். கையைப் பார்த்தேன், அவனுடைய கைதான். வயிற்றில் கிடக்கிற சிவப்புக் கழுத்துத் துணிகூட அழகு. மேலே பாதித் தாள் வெறும் வெள்ளையாக இருக்கிறதே, வானத்துக்கு நிறம் அடிக்க மறந்தானோ என்று அத்தான் கேட்டார். வெயிலில் வானம் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். சட்டம் போட்டுத் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

சனிக்கிழமை கெவலார் மாதா கோயில் யாத்திரைக்குப் போனோம். ஜேர்மனியில் இருக்கிற தமிழ்ச் சனம் முழுக்க அங்கேதான். வழக்கம்போலச் செபமாலை சுகமாகத் திரும்ப வேண்டும் என்று பெரிய மெழுகுதிரி கொளுத்தினேன். பதினொராவது வருடம். மாதா இந்த வருடம் ஒரு வழி காட்டுவா என்று மனம் சொல்கிறது.

றோசம்மா மாஸ்டருக்கு முடியாது என்று சொல்லிவிட்டாளாம். "தம்பியும் இருக்கிறார் என்றுதான் எழுதியிருக்கிறார், இனி நான் யோசிக்கவில்லை" என்று எழுதியிருந்தாள். உன்னால் வந்த நிம்மதி இது, தம்பி. கடவுள் உன்னை ஆசீர்வதிப்பார்.

பெருமையோடு
அக்கா

●

கெல்சென்கிர்ச்சன்
10.10.2005

றொனால்ட்,

சுகம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை டுசல்டோர்ஃபில் நீ என்னைப் பார்த்தாய். நான் என்ன பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. அதற்காக எழுதுகிறேன். வர வேண்டாம் என்று நீ எழுதியதை நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். சேலையும் ரோல்ஸ் பெட்டியுமாக அக்கா வந்து நின்றால் தம்பிக்கு வெட்கம் என்று நினைத்தேன். வெட்கப்பட்டால் படட்டும் என்று அறுபது ரோல்ஸ் பொரித்து, கல்யாணச் சேலையை உடுத்துக்கொண்டு, லிசாவோடு ரயிலேறி வந்தேன். வாசலில் நின்ற தாடிக்காரர் மூன்று ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு லிசாவிடம் செய்முறை கேட்டார். படம் செய்தவருடைய அக்கா நான் என்று அவரிடம் டொச் மொழியில் சொன்னேன். எனக்கு அவ்வளவு பெருமை.

பின்சுவரில் எங்கள் படம் தொங்கியது. "பாரடி, எங்கட வீட்டுப் படம்" என்று லிசாவை இழுத்துக்கொண்டு போனேன். கிட்டப் போன பிறகுதான் அது எங்கள் வீட்டுப் படம் இல்லை என்று கண்டேன். எங்கள் வீட்டில் வெள்ளையாக இருக்கிற இடம் இங்கே நீலம். அது வானம் இல்லை, கடல். கடலுக்குள் ஒரு படகு. படகின் பின் பலகையில் ஒரு பெடியன் எங்களைப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்கிறான்.

சுற்றி நின்றவர்கள் அதை அமெரிக்கப் பாலைவனம் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குத் தெரியாதா அந்த மணல்? தலைமன்னாருக்கு அப்பால், இராமேஸ்வரம் போகிற படகுகள் ஆட்களை இறக்கிவிடுகிற மணல்திட்டி. கழுத்துத் துணி என்று நான் எல்லோருக்கும் காட்டிய சிவப்பு என்ன என்றும் அப்போதுதான் தெரிந்தது. ஏழு நிறத்தில் ஆறை அடித்து எனக்கு அனுப்பிவிட்டு, ஏழாவதை ஊராருக்கு வைத்திருக்கிறாய்.

மேசையில் கிடந்த சின்னப் புத்தகத்தை எடுத்து வாசி என்று லிசாவிடம் கொடுத்தேன். பிள்ளை வாசித்தாள். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். "சொல்லடி" என்றேன். "மாமா சொல்லியிருக்கிறார் அம்மா. என்ர அண்ணன் வயித்தில வெடி பட்டு மணல்திட்டியில கிடந்தவர். எனக்குப் பதினேழு வயசு. படகு வந்தது. நான் ஏறினன்." பதினாறு வயதுப் பிள்ளையின் வாயால், டொச்சிலிருந்து தமிழுக்கு மாற்றி, என் தம்பி செத்ததை நான் கேட்டேன்.

"இந்தப் படகில இருக்கிறது ஆர்?" என்று உன்னைக் கேட்டேன். "அக்கா, வெளியில வாங்கோ, கதைப்பம்" என்றாய். "இஞ்ச சொல்லு. இவையளுக்குச் சொன்னனிதானே?" என்றேன். அதற்குள் யாரோ ஒரு பெண் கையெழுத்துக் கேட்டாள். நீ போய்ப் பென்சிலை எடுத்துக் கையெழுத்து வைத்தாய்! ஃபாதருக்கு ஒரு கையெழுத்து வைக்க உனக்குக் கை வரவில்லை.

பதினைந்து வருடம் என்னைப் பைத்தியக்காரி ஆக்கியிருக்கிறாய். கெவலாரில் நான் மெழுகுதிரி கொளுத்தியபோது இரண்டு தரம் நீயும் பக்கத்தில் நின்றாய், நெருப்புக்குச்சி நீதான் தந்தாய். செத்துப்போனவனுக்கு, அவன் ஆன்மா இளைப்பாற ஒரு பூசைகூட நாங்கள் வைக்கவில்லை. ஒரு நாயை அடக்கம் செய்தால்கூட நாலு பேர் நிற்பார்கள்.

றோசம்மாவை மறித்தவள் நான். உன் பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு அவளை மறித்தேன். ஏன் செய்தாய்? எனக்குப் பதில் வேண்டும். போனில் இல்லை. எழுது.

பேர்பெச்சுவா

●

ஹம்பேர்க்
20.11.2005

அன்புள்ள அக்கா,

ஆறு கிழமையாக எழுதிக் கிழிக்கிறேன். நீங்கள் சுகமா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, என்றாலும் கேட்கிறேன்.

நடந்தது இதுதான். படகு கரையை விட்டுக் கன தூரம் வந்த பிறகு எங்கிருந்தோ வெடி வந்தது. அண்ணனுக்கு வயிற்றில் பட்டது. படகோட்டி திரும்ப மாட்டேன் என்றான். எங்களோடு வந்தவர்கள் வேறு ஊர்க் குடும்பம். எல்லோரையும் திட்டியில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். இந்தியப் பக்கத்திலிருந்து வந்த முதல் படகில் அந்தக் குடும்பம் போனது. அவர்களை நான் பிறகு காணவேயில்லை. மத்தியானம் ஒரு சின்ன வள்ளம் வந்தது. "காயக்காரனை ஏத்தினா பொலிஸ் என்னை விடாது. நீ மட்டும் வா" என்றான் வள்ளக்காரன். அண்ணனுக்கு மூச்சு இருந்தது. பேச்சும் இருந்தது. "நீ போ. போய் ஆளை அனுப்பு" என்றார். தலையில் வெயில் படாமல் என் சட்டையை முகத்தில் போட்டுவிட்டு நான் ஏறினேன்.

இந்தியக் கரையில் இறங்கியதும் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், "கொண்ணன் எங்கயடா?" என்று கேட்டார். விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "அவர் றோசம்மாவுக்காக இறங்கிப் போட்டார்" என்றேன். அதைச் சொன்ன பிறகு, அக்கா, திட்டிக்குப் படகு அனுப்புங்கோ என்று எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. இரண்டு நாள் அந்தக் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் முகாமில் பதிந்தார்கள். அங்கும் அதையே சொன்னேன். அண்ணிக்கும் அதையே எழுதினேன். பிறகு ஜேர்மனிக்கு வந்தபோது, விமான நிலையத்தில் நீங்கள் என்னைக் கட்டிப்பிடித்து முதலில் கேட்டதும் அதுதான்.

ஜேர்மன்காரருக்கு ஏன் சொன்னாய் என்றீர்கள். டொச்சில் சொல்லும்போது அது யாருக்கோ நடந்தது மாதிரி வந்தது. கேட்டவர்களுக்கு அண்ணனைத் தெரியாது. தொப்பி, மணல், துப்பாக்கி என்று அவர்களுக்குத் தெரிந்த சினிமாக் கதைக்குள் அண்ணனை வைத்தேன். தமிழில் சொன்னால் அது உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. நீலத்தை அடிக்காமல் ஒரு தாளை எடுத்து வைத்தபோது, பிறகு ஒரு நாள் அக்காவின் வீட்டுக்கே போய்ச் சொல்லுவோம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அண்ணிக்கு எழுதியதுதான் நான் செய்ததில் ஆகக் கேவலம். இறந்ததை நான் காணவில்லை என்று எழுதினேன். அந்த வசனத்தில் பொய் இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அவவுக்கு எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் சொல்லிவிடுங்கோ அக்கா.

றொனால்ட்

●

கெல்சென்கிர்ச்சன்
27.11.2005

றொனால்ட்,

நான் சொல்ல மாட்டேன். அவள் உன்னைத்தான் கேட்டாள். "உங்கள் சொல்படி நடப்பேன்" என்று உனக்குத்தான் எழுதினாள். ஃபாதருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, உன் கையால், திகதி போட்டு எழுது. எனக்கு எழுதியதில் ஒரு வரிகூடக் குறையக் கூடாது. இந்தத் தடவையும் ஒரு நிறத்தை விட்டுவிட்டு அனுப்பாதே. நானும் அவளிடம் மன்னிப்புக் கேட்டுத் தனியாக எழுதுகிறேன். மாஸ்டரிடம் அவள் இப்போதாவது சம்மதம் சொல்லட்டும்.

பதினேழு வயதில் நீ பயந்ததை நான் மன்னிக்கப் பார்ப்பேன். முப்பத்திரண்டு வயதில் எழுதியதை என்னால் முடியாது. நத்தார்ப் பண்டிகைக்கு இங்கே வராதே.

பேர்பெச்சுவா

●

பேசாலை
29.01.2006

பேர்பெச்சுவா மச்சாளுக்கு,

நான் சுகம்.

உங்கள் கடிதம், தம்பி எனக்கு எழுதியது, ஃபாதருக்கு எழுதியது மூன்றும் புதுவருடத்துக்கு மறுநாள், தை இரண்டாம் திகதி திங்கட்கிழமை ஒன்றாக வந்தன. வழியில் சோதனை கூடிவிட்டது, தபால் பிந்துகிறது. தம்பிக்கு நான் தனியாக எழுதவில்லை. இதை அவருக்கும் காட்டுங்கள்.

அதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இராயப்பு மாஸ்டருடைய திருமண அறிவித்தலை முதல் தரம் வாசித்தார்கள். பெண் வங்காலை, பிளோறன்ஸ் என்று பெயர். ஆவணியில் நான் முடியாது என்று சொன்ன பிறகு அவரும் இரண்டு மூன்று மாதம் பொறுத்துத்தான் வேறு இடம் பார்த்தார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஃபாதர் தம்பியின் கடிதத்தை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மகள், மூன்று ஞாயிறு அறிவித்தல் வாசிக்கிறது ஏதும் மறுப்பு இருந்தாச் சொல்லத்தான். இன்னும் இரண்டு கிடக்கு. மாஸ்டரோட நான் கதைக்கட்டோ?" என்று கேட்டார். வேண்டாம் ஃபாதர் என்றேன். அந்தப் பெண் கலியாணச் சேலை எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தாள்.

அவர் எனக்காக இறங்கினார் என்று பதினைந்து வருடம் நம்பியிருந்தேன். நான் அழுததால்தான் அவர் போனார் என்று ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லியிருக்கிறேன். இல்லாத பாவத்துக்கு எத்தனை ஃபாதர்மார் எனக்கு மன்னிப்புத் தந்தார்கள். அவர் கடைசியாகக் கேட்டது ஆளை அனுப்பச் சொல்லித்தான் என்றால், எங்கள் கரையிலிருந்து பார்த்தாலே தெரிகிற கடலுக்குள் அவர் கிடந்தார். நான் தினமும் அதே கரையில் மீன் வாங்கினேன்.

தம்பிக்குப் பயம் என்று எழுதியிருக்கிறார். உங்களுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் உண்மையாக இருக்கும். உங்களுக்குத் தெரியாதுதான். தெரியாமலே நான் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னீர்கள். நானும் கேட்டேன்.

வருகிற வியாழக்கிழமை அவருக்கு ஆன்ம இளைப்பாற்றிப் பூசை. அன்றைக்குத் தாலியைக் கழற்றுவேன். அதுவரைக்கும் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று ஃபாதரிடம் நான்தான் கேட்டுக்கொண்டேன். கலியாண வீட்டுச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை.

மாஸ்டருடைய கலியாணம் போன திங்கட்கிழமை நடந்தது. அதற்கு முன் பலகாரம் சுட அயல் பெண்கள் எல்லோரும் போனோம். எண்ணெயில் முதல் பலகாரத்தைப் புருஷன் இருக்கிற பெண்தான் போட வேண்டும் என்று மாஸ்டருடைய தாய் சொன்னா. சொல்லிவிட்டு, "நீ வா றோசம்மா, நீ போடு பிள்ளை" என்று என்னைக் கூப்பிட்டா.

நான் போட்டேன்.

றோசம்மா